பரண் மேலே என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை காலை.

வீட்டுக்காரர் பெஞ்சின் மேல் ஸ்டூலைப் போட்டு ஏறுகிறார். கீழே மனைவி நிற்கிறார். "மெதுவாங்க, மெதுவா!" என்கிறார். பிள்ளைகள் இருவரும் ஸ்டூலின் காலைப் பிடித்துக் கொண்டிருக்கிறார்கள்.

பரண் ஒழிக்கும் படலம் தொடங்குகிறது.

முதலில் இறங்குவது ஒரு பித்தளை அண்டா. அடுத்து கைப்பிடி இல்லாத குடை. ஓடாத கடிகாரம் இரண்டு. கல்யாணத்துக்கு வந்த கண்ணாடித் தம்ளர் செட். வந்த நாள் முதல் அது அட்டைப் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. பிறகு பிளாஸ்டிக் டப்பாக்கள். டப்பா இருந்தால் மூடி இல்லை. மூடி இருந்தால் டப்பா இல்லை. கடைசியாக, ராமேசுவரம் போனபோது வாங்கிய சிப்பித் தோரணம். பாதி அறுந்து கிடக்கிறது.

பகல் 12 மணிக்குள் கூடத்தில் கால் வைக்க இடம் இல்லை. எதைக் கழிப்பது?

"அது எங்க அம்மா கொடுத்தது."

"இது காசு கொடுத்து வாங்கினது."

"அது இருக்கட்டும். என்றைக்காவது உதவும்."

மாலை 4 மணிக்கு எல்லாம் பழையபடி பரணுக்கே ஏறிவிடுகின்றன. கைப்பிடி இல்லாத குடை மட்டும் குப்பைக்குப் போகிறது. அதுவும் மறுநாள் திரும்பி வந்துவிடுகிறது. பையன் விளையாட எடுத்து வந்துவிட்டான்!

இந்த நாடகம் நடக்காத வீடு எது? ஓட்டு வீட்டிலும் நடக்கிறது. மாடி வீட்டிலும் நடக்கிறது. வீடு பெரிதானால் சாமானும் பெரிதாகிறது. மனிதர்கள் சாமான்களுக்கு நடுவே ஒதுங்கி நடக்கிறார்கள். ஊரில் இருந்து உறவினர் வந்தால் பாய் விரிக்க இடம் இல்லை. "லாட்ஜில் ரூம் போட்டுத் தரட்டுமா?" என்று கேட்கும் காலம் வந்துவிட்டது.

சிப்பித் தோரணம் எந்த ஊரில் இருந்து வந்ததோ, அதே ஊரில் ஒரு வீடு இருக்கிறது. பரண் ஒழிக்க நினைப்பவர்கள் அந்த வீட்டின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பள்ளிவாசல் தெரு வீடு

ராமேசுவரம் பள்ளிவாசல் தெரு. சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு கட்டிய வீடு. ஜைனுலாபுதீனும் அவர் மனைவி ஆஷியம்மாளும் வாழ்ந்த வீடு அது. 1931-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி அவர்களுக்குப் பிறந்த பிள்ளைதான், பிற்காலத்தில் ஜனாதிபதியான அப்துல் கலாம்.

தேவையில்லாத வசதி எதையும் தன் தந்தை வீட்டுக்குள் விடமாட்டார் என்று கலாம் தன் சுயசரிதையான "அக்கினிச் சிறகுக"ளில் எழுதியிருக்கிறார். ஆனால் உணவோ, மருந்தோ, துணியோ, தேவையான எதற்கும் குறைவு இருந்தது இல்லை.

சிக்கனக் குடும்பம் என்று சொல்லலாம். கஞ்சக் குடும்பம் என்று சொல்ல முடியாது. அந்த வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் சாப்பிட்டார்கள்? கலாமுக்கே கணக்குத் தெரியவில்லை. குடும்பத்தாரை விட வெளியார்தான் அதிகம் என்று மட்டும் எழுதியிருக்கிறார். அதுவும் கூட்டுக் குடும்பம். குடும்பத்தாரே ஏராளமான பேர்!

சாமான் குறைவாக இருந்த வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். வந்தவருக்கு இலை போட இடம் இருந்தது. சாமான் நிறைந்த வீடுகளில் இன்று அந்த இடம் எங்கே?

அம்மா போட்ட இலை

சிறு வயதில் கலாம் அம்மாவோடு அடுப்பங்கரையில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார். வாழை இலை. சோறு. மணக்கும் சாம்பார். வீட்டில் போட்ட ஊறுகாய். அப்போது அரைத்த தேங்காய்ச் சட்னி.

அந்தத் தேங்காய் வந்த வழியைச் சொல்ல வேண்டும். ஜைனுலாபுதீன் விடிவதற்கு முன் எழுந்து தொழுகையை முடிப்பார். பிறகு தென்னந்தோப்புக்கு நடப்பார். தோப்பு 4 மைல் தூரத்தில் இருந்தது. அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு தேங்காய்களைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வருவார். அதற்குப் பிறகுதான் காலைச் சாப்பாடு. அறுபது வயதைக் கடந்த பிறகும் இந்த வழக்கத்தை அவர் விடவில்லை.

ராமநாதபுரம் ஸ்க்வார்ட்ஸ் பள்ளிக்கூடத்துக்குப் படிக்க வந்த கலாமுக்கு வீட்டு நினைவு வாட்டியது. அப்போது அவர் மனம் எதைத் தேடியது தெரியுமா? அம்மா சுடும் போளியை! ஆஷியம்மாள் 12 வகைப் போளி செய்வாராம். ஒவ்வொன்றுக்கும் தனி ருசி. அந்தப் போளி எந்தத் தட்டில் வைக்கப்பட்டது, வெள்ளியா, அலுமினியமா என்று அவர் எழுதவில்லை. ருசிதான் நினைவில் நின்றது.

ராமநாதபுரம் சீமையைப் பஞ்சத்துக்குப் பேர்போன சீமை என்பார்கள். வயல் வறண்டாலும் நாக்கு வறண்டதில்லை. இந்த மண்ணில் விளையும் முண்டு மிளகாய் உருண்டையாக, கெட்டித் தோலோடு பளபளக்கும். அதற்கு 2023-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. மீன் குழம்பில் அந்த மிளகாய் விழுந்தால் மணம் பக்கத்துத் தெருவுக்குச் சொல்லிவிடும். சாயல்குடிப் பக்கம் போனால் எங்கே பார்த்தாலும் பனை. கோடையில் நுங்கு. பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி. தை பிறந்தால் பனங்கிழங்கு.

கீழக்கரைக்குப் போனவர்கள் தொதல் வாங்காமல் திரும்புவதில்லை. அரிசி மாவு, தேங்காய்ப் பால், கருப்பட்டி. இவற்றை அடுப்பில் ஏற்றினால் கிளறுகிறவர் கை ஓயக் கூடாது. எண்ணெய் பிரிந்து, உருண்டு திரளும் வரை மணிக் கணக்கில் கிளற வேண்டும். கை வலிக்கும். சாப்பிடும்போது வலி மறந்துபோகும்.

இங்கே பரணைப் பற்றியும் ஒரு சேதி உண்டு.

இந்தப் பக்கத்தில் பலகாரத்தைப் பனை ஓலைக் கொட்டானில் வைத்துக் கொடுப்பார்கள். பலகாரம் தீர்ந்தால் கொட்டானில் வெங்காயம் போடலாம். நைந்துபோனால் அடுப்பில் போடலாம். மண்ணில் போட்டால் மக்கிவிடும். அது பரண் ஏறுவதே இல்லை. இப்போது பலகாரம் பிளாஸ்டிக் டப்பாவில் வருகிறது. பலகாரம் 2 நாளில் தீர்ந்துவிடுகிறது. டப்பா தீருவதில்லை! "நல்ல டப்பா, எறிய மனம் வரவில்லை" என்று அது பரணுக்குப் போகிறது. ஒரு வருடத்தில் 50 டப்பா. அதில் 30-க்கு மூடி இருக்காது.

பனை மரம் தமிழ்நாட்டின் மாநில மரம். மாநில மரத்தின் ஓலையை விட்டுவிட்டு, மக்காத டப்பாவைப் பரணில் அடுக்குவது என்ன நியாயம்?

காலால் பார்த்த ஊர்

ஊர் சுற்றுவதிலும் இதே கதைதான்.

கலாம் சிறுவராக இருந்தபோது ராமேசுவரம் முழுவதையும் காலாலேயே அளந்தார். மாலை நேரத்தில் ஜலாலுதீனோடு உலாவப் போவார். ஜலாலுதீன் அவரை விட 15 வயது மூத்தவர். பின்னாளில் கலாமின் அக்காள் ஜொஹராவை மணந்தவர். பள்ளிவாசல் தெருவில் புறப்படுவார்கள். முதலில் நிற்கும் இடம் சிவன் கோவில். வெளியூர் யாத்ரீகர்களைப் போலவே இவர்களும் கோவிலைச் சுற்றி வருவார்கள். பிறகு கடற்கரை மணல். பேச்சு, பேச்சு, பேச்சு. திரும்பி வரும்போது கையில் ஒரு சாமானும் இருக்காது.

1939-ல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. கலாமுக்கு 8 வயது. திடீரென்று புளியங்கொட்டைக்கு ஏக கிராக்கி. பொறுக்கிக்கொண்டு போய்க் கடையில் போட்டால் நாளைக்கு ஓர் அணா கிடைக்கும். போர்க்காலத்தில் ராமேசுவரத்தில் ரெயில் நிற்பது நிறுத்தப்பட்டது. ராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடும் ரெயிலில் இருந்து பத்திரிகைக் கட்டுகளை வெளியே வீசுவார்கள். அவற்றைப் பொறுக்கிச் சேர்க்க, உறவினர் சம்சுதீனுக்குக் கலாம் துணையாகப் போவார். முதல் சம்பளம் அப்படித்தான் வந்தது. அந்தச் சம்பளத்தைப் பற்றிப் பெருமையோடு எழுதியிருக்கிறார்.

அந்தக் காலத்தில் தீவுக்குள் ஒரு சாமானைக் கொண்டுவருவது லேசான காரியம் அல்ல. பாம்பன் ரெயில் பாலம் 1914-ல் திறக்கப்பட்டது. மோட்டார் போகும் பாலம் 1988-ல்தான் வந்தது. அதுவரை எல்லாம் ரெயிலில் வர வேண்டும். இல்லாவிட்டால் படகில் வர வேண்டும். சுமக்க வேண்டும் என்றால் யாரும் அளவோடுதான் வாங்குவார்கள். 2025-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி, கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே மேலே உயரும் புதிய ரெயில் பாலமும் திறக்கப்பட்டுவிட்டது. வருவது சுலபமாகிவிட்டது. வாங்குவதும் சுலபமாகிவிட்டது.

இன்று ராமேசுவரத்துக்கு வரும் குடும்பங்கள் என்ன செய்கின்றன? 22 தீர்த்தத்திலும் குளிக்கிறார்கள். அரிச்சல்முனையில் நின்று போட்டோ எடுக்கிறார்கள். எல்லாம் சரிதான். பிறகு கடைத்தெரு. சிப்பியில் செய்த கண்ணாடிச் சட்டம், சங்கில் பெயர் எழுதிய சாவிக்கொத்து, தோரணம், பொம்மை. உழைத்துச் செய்கிறவர்களுக்கு வியாபாரம் நடக்கட்டும். அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஒன்று வாங்கிக் கண்ணில் படும் இடத்தில் மாட்டினால் அழகு. பத்து வாங்கினால் பரண்!

எறிந்தால் எங்கே போகும்?

"அப்படியானால் எல்லாவற்றையும் எறிந்துவிட வேண்டியதுதானே?" என்று சிலர் கேட்கலாம்.

எங்கே எறிவது?

அக்கினி தீர்த்தத்தில் குளித்த சிலர், உடுத்திய ஈரத் துணியைக் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். பாவம் போய்விட்டது என்று எண்ணுகிறார்கள். துணி போகவில்லை. அலை அதைக் கரைக்கே திருப்பிக் கொண்டுவருகிறது. துப்புரவுத் தொழிலாளர்கள் குனிந்து குனிந்து எடுக்கிறார்கள். எடுக்காத துணி, அடுத்துக் குளிக்க வருகிறவரின் காலில் சுற்றுகிறது.

இந்தக் கரையை ஒட்டியது மன்னார் வளைகுடா. அங்குள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பவளப் பாறையும், கடல் புல்லும், அதை மேயும் கடல் பசுவும் வாழும் இடம். மனிதர்கள் பரண் ஒழிப்பதற்கு ஏற்பட்ட இடம் அல்ல.

நல்ல துணி என்றால் துவைத்து, மடித்து, தேவைப்படுகிறவர் கையில் கொடுக்கலாம். கிழிந்தது என்றால் கரித்துணியாகும். "வேண்டாதது" என்று பெயர் வைத்துக் கடலில் விடுவது ஒழிப்பது ஆகாது. தன் வீட்டுக் குப்பையை அடுத்தவர் வீட்டுக்குத் தள்ளுவது ஆகும்.

கட்டிலில் வைத்த தட்டு

சாமான் வெளியே போகும் வழியை விட, உள்ளே வரும் வழிதான் முக்கியம். இதற்கு ஜைனுலாபுதீன் வீட்டிலேயே ஒரு சம்பவம் உண்டு. கலாம் இதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

நாடு சுதந்திரம் அடைந்த சமயம். ராமேசுவரம் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. ஜைனுலாபுதீன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரு நாள் கலாம் விளக்கடியில் சத்தம் போட்டுப் பாடம் படித்துக் கொண்டிருந்தார். யாரோ ஒருவர் வந்தார். "அப்பா இருக்கிறாரா?" என்று கேட்டார். தந்தை தொழுகைக்குப் போயிருந்தார். வந்தவர் கையில் ஒரு தட்டு. அதைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போகும்படி கலாம் சொன்னார். வந்தவரும் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

தந்தை திரும்பி வந்தார். தட்டைத் திறந்தார். விலை உயர்ந்த வேட்டி, அங்கவஸ்திரம், பழம், இனிப்பு!

அவருக்கு வந்த கோபத்தைக் கலாம் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அன்றைக்கு அவருக்கு நல்ல அடி விழுந்தது. பயந்து அழுத பிள்ளையின் தோளில் பிறகு அப்பா கையை வைத்தார். பதவியில் இருப்பவருக்குப் பரிசு சும்மா வராது, அதற்குப் பின்னால் ஒரு காரியம் இருக்கும் என்று விளக்கிச் சொன்னார்.

அடித்தது சரியா என்று இந்தக் காலத்துப் பெற்றோர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அடிக்காமலும் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தத் தட்டு அந்த வீட்டில் தங்கவில்லை. அதைக் கவனிக்க வேண்டும்.

எல்லா வீட்டுக்கும் லஞ்சத் தட்டு வருவதில்லை. ஆனால் "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்ற தட்டு தினமும் வருகிறது. தவணை முறையில் ஒரு தட்டு வருகிறது. பண்டிகைத் தள்ளுபடி என்று ஒரு தட்டு வருகிறது. கட்டிலில் வைத்துவிட்டுப் போகச் சொல்லும் கைகள்தான் அதிகம். திறந்து பார்த்து "வேண்டாம்" என்று சொல்லும் ஆள் வீட்டுக்கு ஒருவராவது வேண்டாமா?

வளையலும் ஒரு பொருள்தான்

ஏழை வீட்டுப் பெண்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "உங்களுக்கு என்ன, எறிந்துவிட்டு வேறு வாங்குவீர்கள். நாங்கள் எறிந்தால் மறுபடி வாங்க முடியுமா?" என்கிறார்கள்.

நியாயமான பதில். பயந்து வைத்திருப்பது வேறு. ஆசைப்பட்டு அடைப்பது வேறு. அந்தப் பித்தளை அண்டா அவசரத்துக்கு விலைபோகும். ஊர்க் கல்யாணத்துக்கு இரவல் போகும். அதை விற்கச் சொல்லி யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை.

கலாம் வீட்டுக் கதையிலேயே இதற்கும் சாட்சி உண்டு. சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படிக்க அவருக்கு இடம் கிடைத்தது. சேருவதற்குச் சுமார் 1,000 ரூபாய் வேண்டும். தந்தையிடம் அவ்வளவு பணம் இல்லை. அக்காள் ஜொஹரா முன்வந்தார். தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். தன் சொந்தச் சம்பாத்தியத்தில் அந்த வளையலை மீட்டுத் தருவது என்று கலாம் அன்றே உறுதி செய்துகொண்டார்.

வளையலும் ஒரு பொருள்தான். ஆனால் வேளை வந்தபோது அது எழுந்து வேலை செய்தது! பரணில் இருக்கும் ஓடாத கடிகாரம் யாரைப் படிக்க வைக்கும்?

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 1964-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனில் இருந்து வந்த பாசஞ்சர் ரெயில் பயணிகளோடு கடலுக்குப் போயிற்று. உயிர் தப்பியவர்கள் உடுத்திய துணியோடு வந்து சேர்ந்தார்கள். அப்படி வந்தவர் ஒரு பழைய போட்டோவையோ, ஒரு தகர டிரங்கையோ பத்திரமாக வைத்திருந்தால், "இதைக் கழித்துவிடுங்கள்" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

340 அறை, 2 பெட்டி

2002-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி அப்துல் கலாம் ஜனாதிபதி ஆனார். டெல்லி ராஷ்டிரபதி பவனில் 340 அறைகள் இருக்கின்றன. எவ்வளவு சாமான் வேண்டுமானாலும் அடுக்கலாம்.

2006-ம் ஆண்டு மே மாதம் ராமேசுவரத்தில் இருந்து உறவினர்கள் 50 பேருக்கு மேல் அங்கே போய்த் தங்கினார்கள். பள்ளிவாசல் தெரு வீட்டில் இலை போட்ட பழக்கம் விடுமா? ஆனால் அவர்கள் குடித்த டீ வரைக்கும் கணக்கு எழுதப்பட்டது. சுமார் மூன்றரை லட்சம் ரூபாயைக் கலாம் தன் சொந்தப் பணத்தில் இருந்து கட்டினார். அவருக்குச் செயலாளராக இருந்த பி.எம். நாயர் இதை வெளியிட்டிருக்கிறார்.

2007-ம் ஆண்டு ஜூலையில் பதவிக் காலம் முடிந்தது. வந்தபோது கொண்டுவந்தது 2 பெட்டி. போகும்போதும் அதே 2 பெட்டிதான் என்று அவர் சொன்னார். அவற்றோடு அவருடைய புத்தகங்கள். 5 வருடத்தில் அந்த மாளிகைக்கு வந்த பரிசுகள் மாளிகையிலேயே நின்றுவிட்டன.

2015-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி ராமேசுவரத்தை அடுத்த பேய்க்கரும்பில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. பள்ளிவாசல் தெரு வீட்டைப் பார்க்க இன்றும் ஆட்கள் வருகிறார்கள். அந்த வீட்டுக்கு வெளியார் வருவது புதிதல்லவே!

அடுத்த ஞாயிறு

பரண் ஒழிக்கும் குடும்பத்துக்கு வருவோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வேறு மாதிரி தொடங்கிப் பார்க்கலாம். ஸ்டூலைத் தேடுவதற்கு முன்னால் போளிக்கு மாவு பிசையட்டும். 12 வகை வேண்டாம். ஒரு வகை போதும். எதிர் வீட்டுப் பாட்டியை, ஊரில் இருக்கும் சித்தப்பாவை, "மத்தியானம் சாப்பிட வாங்க" என்று கூப்பிடட்டும். எத்தனை பேர் உட்கார இடம் வேண்டும் என்று அப்போது தெரிந்துவிடும். எந்தச் சாமான் வழியை அடைக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

மூடி இல்லாத டப்பாக்கள் பழைய சாமான் வாங்குகிறவரிடம் போகட்டும். கண்ணாடித் தம்ளர்கள் அட்டைப் பெட்டியை விட்டு வெளியே வரட்டும். வந்தவர்களுக்கு அதில் மோர் கொடுக்கலாம். ஒன்றிரண்டு உடைந்தால் உடையட்டும். பித்தளை அண்டாவைப் புளி போட்டுத் துலக்கினால் பளபளவென்று வந்துவிடும். அதில்தான் அன்றைய சோறு.

கைப்பிடி இல்லாத குடை? அதைப் பையன் தரமாட்டான். அவனுக்கு அது பாய்மரக் கப்பல்.